உப்பில்லா விரதம்

டோர்செட் பார்க்கில் எங்கள் கட்டடத்தின் பதினோராம் மாடியில் எலிவேற்றர் நின்றால், கதவு முழுதாகத் திறக்க முதலே மங்கையற்கரசி அன்ரி அன்றைக்கு என்ன சமைக்கிறா என்று தெரிந்துவிடும். தாளிக்கிற கடுகும் கறிவேப்பிலையும் அந்த நீள நடைக்குள் வெளியேற வழியில்லாமல் தங்கி, சுவரோடு சுவராகிவிட்டிருந்தன. பெயின்ற் அடித்தும் போகவில்லை. கட்டடத்து மனேஜர் இரண்டு தரம் கடிதத்தோடு வந்தவர். இரண்டு தரமும் அன்ரி அவருக்கு உழுந்துவடை கொடுத்து அனுப்பினவ.

அவ காரைநகரில் பிறந்தவ. ரொறன்ரோவுக்கு வந்த நாளிலிருந்து சமையல்தான். ஒரு கலியாண மண்டபத்தின் குசினியில் வெங்காயம் உரிக்கத் தொடங்கி, மெல்ல மெல்லக் கறிச்சட்டிக்கு வந்து, பெரிய சமையல்காரர் லீவு எடுத்தால் இவவைத்தான் கூப்பிடவேண்டும் என்ற நிலைக்கு உயர்ந்தவ. 2020 பங்குனியில் மண்டபத்தைப் பூட்டினார்கள். அன்ரி வீட்டுக் கதவுக்கு வெளியே ஒரு ஸ்ரூலை வைத்து அதில் சாப்பாட்டுப் பார்சல்களை அடுக்கினா. ஐப்பசி வரும்போது கட்டடத்தின் தமிழ் வீடுகளில் பாதிக்கு மேல் அவவின் கையால்தான் சாப்பிட்டன. அவவின் கணவர் தியாகலிங்கம் அங்கிளுக்கு உறைந்த சாமான்கள் வைக்கிற வெயார்ஹவுசில் ஏஜென்சி வேலை. கூப்பிட்டால் உண்டு, கூப்பிடாவிட்டால் இல்லை. வீட்டு வாடகை அந்த ஸ்ரூலில்தான் நின்றது.

அன்ரியிடம் ஒரு கண்டிப்பு இருந்தது. விரத நாட்களில் சமைக்கும்போது எதையும் வாயில் வைத்துப் பார்க்கமாட்டா. சுவாமிக்குப் படைக்க முதல் ருசி பார்த்தால் அது எச்சில். மற்றவர்கள் கண்மதிப்பில் உப்புப் போடுவார்கள். அன்ரி மூக்கால் போடுவா. சட்டிக்கு மேலே குனிந்து ஆவியை ஒருக்கா இழுத்துவிட்டு, ஒரு சிட்டிகை கூட, அல்லது போதும்.

"உப்புக் குறைஞ்சால் கறி பச்சையா மணக்கும் தம்பி. அளவாப் போட்டுக் காணுமெண்டால் அடங்கிடும்," என்று சொல்லுவா.

எனக்கு ஒரு நாளும் அந்த வித்தியாசம் பிடிபட்டதில்லை. ஆனால் அவவுக்குப் பிழைத்ததுமில்லை.

அந்த வருசம் கோயிலுக்குள் ஆட்களைக் கணக்காகத்தான் விட்டார்கள். அதனால் கந்தசஷ்டி விரதத்தை எங்கள் கட்டடம் வீட்டுக்குள்ளேயே பிடித்தது. ஆறு நாள் பகல் முழுக்கப் பட்டினி, பொழுதுபடத்தான் ஒரு நேரச் சாப்பாடு, ஏழாம் நாள் விடிய எல்லாரும் வயிறாரச் சாப்பிட்டு விரதத்தை முடிக்கிற பாறணை. அந்த ஒரு நேரச் சாப்பாடு அன்ரியின் ஸ்ரூலிலிருந்து வந்தது. என் அம்மாவும் பிடித்தா. அவவுக்குச் சலரோகம், சுகர் ஏறி இறங்கும், பட்டினி வேண்டாம் என்று டொக்டர் சொன்னவர். டொக்டருக்கு முருகனைத் தெரியாது என்றா அம்மா.

அதே கிழமைதான் லொபியில் மேசை போட்டார்கள்.

ஒரு கல்லூரியின் ஆய்வுக்குழு. எங்கள் பக்கத்தில் கொரோனா கூட, ஆனால் பரிசோதனைக்கு வருகிறவர்கள் குறைவு. எந்தச் சமூகத்தவர் வருகிறார்கள், எவர் வரவில்லை, ஏன் என்பதுதான் அவர்களின் கேள்வி. அதற்கு ஒரு படிவம், போம், நிரப்பவேண்டும். விரும்பினால் மேசையடிக் கதிரையில் இருத்தி ஒரு நேர்ஸ் மூக்குக்குள் குச்சி விட்டு எடுப்பா. தமிழில் விளக்கம் சொல்ல ஒரு ஆள் தேவைப்பட்டது. கட்டடத்துக்குள்ளேயே இருந்தபடியால் எனக்கு வேலை கிடைத்தது. வலியப் போய்க் கதைக்க எனக்கு வராது. மடியில் ஒரு கவிதைப் புத்தகத்தை விரித்தபடி பார்த்துக்கொண்டு இருப்பேன்.

குழுவை நடத்தியவ ஏஞ்சலா. தாய் தகப்பன் மன்னார்ப் பக்கம், அவ இங்கே பிறந்தவ. தமிழ் முழுக்க விளங்கும். கதைக்கத் தொடங்கினால் பாதி வழியில் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவா.

மேசைக்கு எதிரே இருந்த சோபா மகேஸ்வரன் அங்கிளுக்கு உரியது. ராக்ஸி ஓடி ஓய்வுபெற்றவர். மாஸ்க்கைத் தாடையில் விட்டுக்கொண்டு, எலிவேற்றரால் இறங்குகிற எவரையும் விசாரிக்காமல் விடமாட்டார்.

"தம்பி மிதுனன், உந்தப் போமிலை எங்களை எந்தப் பெட்டிக்குள்ளை போடுறியள்?"

"தெற்காசியர் எண்டு ஒண்டு இருக்கு அங்கிள். கீழை தமிழர் எண்டும் எழுதலாம்."

"அப்ப பிடிக்க லேசு."

ஏஞ்சலா சிரித்தா. "பிடிக்கிறதுக்கு இல்லை அங்கிள். ஆருக்கு ரெஸ்ற் கிடைக்கேல்லை எண்டு பாக்கிறம். நிறத்தாலை வருத்தம் வாறேல்லை. வேலை, வீடு, பஸ்... தற்ஸ் வட் வி வோன்ற் ரு ஷோ."

"அதைத்தான் பிள்ளை நானும் சொல்லுறன். எலிவேற்றர் வாசலிலை வைச்சு ஷோ காட்டினால் ஆர் வருவினம்?"

அவர் பகிடியாகச் சொன்னார், ஆனால் பொய்யில்லை. முதல் நாள் ஆறாம் மாடியிலிருந்து ஒருவர் அந்தக் கதிரையில் இருந்தவர். பொழுதுபட முதலே அவருக்குக் கொரோனா வருத்தம் என்று கட்டடம் முடிவெடுத்துவிட்டது. அவரின் பிள்ளைகள் ஏறினால் மற்றவர்கள் எலிவேற்றரை விட்டு இறங்கினார்கள். பிறகு அவருக்கு ஒன்றுமில்லை என்று முடிவு வந்தது. அதை எவரும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு தமிழர் எவரும் அந்தக் கதிரைக்குக் கிட்ட வரவில்லை.

விரதத்தின் நாலாம் நாள் அம்மா பார்சலைப் பிரித்து, கத்தரிக்காய்ப் பால்கறியைச் சோற்றோடு குழைத்து, ஒரு வாய் வைத்துவிட்டு நிறுத்தினா.

"உப்பில்லை."

பருப்பைத் தொட்டுப் பார்த்தா. கீரையைத் தொட்டுப் பார்த்தா.

"ஒண்டிலையும் இல்லை."

நான் உப்புப் போத்தலை எடுத்தேன். அம்மா கையைக் காட்டி மறித்தா. "வையடா. சில பேர் இப்பிடித்தான் பிடிக்கிறவை. உப்பில்லாமல். கடும் விரதம்." பிறகு ஒரு சோறு மிச்சமில்லாமல் சாப்பிட்டா, கண்ணை மூடி.

அம்மா மட்டுமில்லை. கட்டடம் முழுக்க அப்படித்தான் நினைத்திருக்கிறது. அடுத்த நாள் பின்னேரம் அன்ரி கடைப் பைகளோடு லொபிக்குள் வந்தபோது மகேஸ்வரன் அங்கிள் சோபாவிலிருந்து எழும்பியே விட்டார்.

"தங்கச்சி, உப்பில்லா விரதம் எண்டு ஒரு சொல்லு முதலே சொல்லியிருக்கலாமே. முதல் வாய்க்கு நான் முழுசிப்போனன்."

அன்ரி நின்றா. "உப்பில்லையோ?" என்றது மாஸ்க்குக்குள்ளேயே பாதியில் நின்றது.

"இவ்வளவு நாளும் உன்னைச் சமையல்காரி எண்டுதான் நினைச்சிருந்தன். நேத்தோடை ஒரு படி ஏத்திப்போட்டன்."

அன்ரி பைகளைக் கை மாற்றினா. "ஓம் அண்ணை," என்றா. "இந்தமுறை அப்பிடித்தான்."

எலிவேற்றருக்குத் திரும்பும்போது அவவின் கண் எங்கள் மேசையில் ஒட்டியிருந்த தமிழ் அறிவித்தலில் பட்டது. நான்தான் அதை எழுதியிருந்தேன். காய்ச்சல், இருமல், மூச்சு வாங்குதல், மணமோ சுவையோ தெரியாமல் போதல். அவ அதைக் கடைசி வரி வரைக்கும் வாசித்தா. எலிவேற்றர் ஒருக்கா வந்து திறந்து மூடிப் போனது.

அன்றைக்கு அம்மாவின் பார்சலை எடுக்கப் பதினோராம் மாடிக்குப் போனேன். கதவு திறக்கும்போதே பால் எரிகிற மணம். நடை முழுக்க அதுதான். அன்ரி வாசலில் நின்று, அவசரமில்லாமல், ஸ்ரூலில் பார்சல்களை ஒழுங்காக வைத்துக்கொண்டிருந்தா. குசினி அவவுக்குப் பின்னால் நாலு அடியில்.

"அன்ரி, பால் எரியுது."

அவ என்னைப் பார்த்தா, குசினியைப் பார்த்தா. அடுப்புக்கு மேலே புகை. தியாகலிங்கம் அங்கிள் எப்பவோ பை போட்டுக் கட்டிவிட்ட புகை அலாரம் சத்தம் போடவில்லை. அன்ரி ஓடிப்போய்ச் சட்டியை எடுத்து சிங்குக்குள் போட்டா. சீறிற்று. திரும்பி வந்து, மாஸ்க்கை இழுத்து விட்டுக்கொண்டு, கதவைப் பாதி மூடி, அந்தப் பாதிக்குப் பின்னால் நின்றா.

"எப்பயிலிருந்து அன்ரி?"

"நேத்திலையிருந்து. சட்டியைக் குனிஞ்சு மணந்தன், ஒண்டுமில்லை. சளியாக்கும் எண்டு நினைச்சன். உப்புப் போட்டிட்டன் எண்டும் நினைச்சன். ரெண்டாந்தரம் போட்டுக் கரிச்சுப் போகுமோ எண்டு விட்டிட்டன்." மூச்சு எடுத்தா. "இவருக்குப் போன கிழமை காய்ச்சல். ரெண்டு பனடோலைப் போட்டிட்டு வேலைக்குப் போனவர். போகாட்டி ஏஜென்சி வேறை ஆளைப் பிடிச்சிடும்."

"கீழை வாங்கோ. ஒரு நிமிசத்திலை எடுத்திடுவினம்."

"உந்தக் கதிரையிலையோ?" அவ சிரிக்கவில்லை. "வருத்தம் ரெண்டு கிழமையிலை போயிடும் தம்பி. கதை போகாது. மங்கையற்கரசியின்ரை வீட்டிலை கொரோனா எண்டு ஒருக்கால் சொன்னால், பிறகு நான் சாகுமட்டும் என்ரை கையாலை ஒருத்தரும் வாங்கித் தின்னமாட்டினம். எனக்கு வேறை என்ன தெரியும்?"

"நாளையிண்டைக்குப் பாறணை அன்ரி."

"தெரியும்."

பாறணைக்கு விடியக்காலை அந்த வாசலில் கட்டடமே வந்து நிற்கும். பாதிப் பேர் அறுபது தாண்டினவர்கள், ஆறு நாள் பட்டினி கிடந்தவர்கள். அது இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. அம்மாவின் பார்சல் ஸ்ரூலில் இருந்தது. அதை நான் எடுக்கவுமில்லை, அவ தரவுமில்லை. கடைசியில் அவவே அதைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு, கதவைச் சாத்தினா. நான் கீழே இறங்கி அம்மாவுக்குப் பழமும் பாலும் வாங்கிக்கொண்டு போனேன்.

அடுத்த நாள் காலமை, பெயர் சொல்லாமல் ஏஞ்சலாவிடம் கேட்டேன். கதிரையில் இருக்க முடியாத ஒரு ஆள் இருந்தால் என்ன செய்யலாம்?

"நேர்ஸ் மேலை போகலாம்."

"அந்த நீல உடுப்போடை போனால் எந்தக் கதவெண்டு எல்லாரும் பாப்பினம்."

"ஓகே. இந்தக் கட்டடத்திலை ஆர் போனாலும் ஒருத்தரும் ஏன் எண்டு கேக்காத இடம் எது?"

"லோண்டரி."

நான் போன் எடுத்துச் சொன்னபடி, மத்தியானம் அன்ரி ஒரேயொரு போர்வை போட்ட கூடையோடு, எல்லாரும் உடுப்புத் தோய்க்கிற நிலக்கீழ் லோண்டரிக்கு வந்தா. நேர்ஸ் பெரிய ட்ரையருக்குப் பின்னால் நின்று எடுத்தா. அன்ரியின் கண்ணிலிருந்து தண்ணி ஓடிற்று. குச்சியால் எல்லாருக்கும் வருகிற தண்ணிதான்.

"எப்ப பிள்ளை தெரியும்?"

"ரெண்டு நாள் செல்லும் அன்ரி."

"விடிஞ்சால் பாறணை."

ஏஞ்சலா மாஸ்க்கை மூக்கில் அழுத்திக்கொண்டு சொன்னா: "சமைக்காதேங்கோ. சாப்பாட்டாலை வாறது குறைவு. பட், உங்கடை கதவடியிலை நிண்டு கதைச்சவை எல்லாரும் செக் பண்ணோணும். நாங்கள் உங்கடை பேர் சொல்லமாட்டம். தற்ஸ் எ ப்ரொமிஸ். நீங்கள் சொன்னாத்தான் அவைக்குத் தெரியும்."

அன்ரி போர்வையை எடுத்து மடித்தா. அது முதலே மடித்துத்தான் இருந்தது.

"துடக்கெண்டு சொல்லுறன்," என்றா.

ஏஞ்சலா என்னைப் பார்த்தா. இனத்தில் ஒரு சாவு விழுந்தால் வீடு துடக்கு, முப்பத்தொரு நாளுக்குச் சுவாமிக்கு அங்கே சமைக்க முடியாது, அந்த வீட்டில் எவரும் சாப்பிடவும் மாட்டார்கள் என்று விளங்கப்படுத்தினேன்.

"வெயிற். அப்ப அது குவாரன்டீன்தானே."

"ஓம் பிள்ளை," என்றா அன்ரி. "வெக்கமில்லாத குவாரன்டீன்."

"பட் அன்ரி, துடக்கெண்டால் சாப்பிட்டவை ஏன் ரெஸ்ற்றுக்கு வரப்போகினம்?"

ட்ரையர் ஒன்று யாருடையதோ பொத்தான்களை உருட்டிக்கொண்டு சுத்தியது. அன்ரி கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே போனா.

பின்னேரம் எல்லாருடைய போனுக்கும் அவவின் குரல் வந்தது. வீட்டில் துடக்கு, பாறணைச் சாப்பாடு இல்லை, மன்னிக்கவேணும். அம்மா அதை இரண்டு தரம் கேட்டா. "பாவம் மங்கை. சூரன்போர் அண்டைக்கு," என்றா. உண்மை நான் சொல்லவேண்டிய சொல் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மேசைக்கு இறங்கினேன்.

அந்தப் பொய் நின்றிருக்கும். மரக்கறிக்கடைக்காரன்தான் குழப்பினவன். பாறணைக்கென்று முதலே சொல்லி வைத்த மரக்கறியைக் கொண்டுவந்து லொபிக் கதவடியில் இறக்கிவிட்டுப் போய்விட்டான். வாழைக்காய், பூசணி, முருங்கைக்காய். தியாகலிங்கம் அங்கிள் வேலைக்குப் போயிருந்தார். அன்ரிதான் இறங்கி வரவேண்டியிருந்தது.

மகேஸ்வரன் அங்கிள் போனில் இங்கத்தைக் கோயிலின் சூரன்போர் நேரலை பார்த்துக்கொண்டிருந்தார். பறைமேளம் லொபி முழுக்க அதிர்ந்தது. அன்ரியைக் கண்டதும் சத்தத்தைக் குறைத்தார். முகத்தைத் துக்க வீட்டுக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டு கிட்டப் போனார்.

"தங்கச்சி, கேள்விப்பட்டன். ஆர் மோசம் போனது?"

அன்ரி ஒரு பெட்டியைத் தூக்கி நெஞ்சோடு அணைத்து, அவரிடமிருந்து பின்னுக்குப் போனா. "ஊரிலை அண்ணை."

"ஊரிலை ஆர்?"

அவ எலிவேற்றர்ப் பொத்தானை அமத்தினா. அது பதினாலில் நின்றது.

"உன்ரை அண்ணனுக்குப் பிரஷர் எண்டு ஒருக்கால் சொன்னனீ. கொண்ணையே?"

அன்ரி பொத்தானைத் திரும்ப அமத்தினா. பெட்டிக்கு மேலாக முருங்கைக்காய்கள் நீட்டிக்கொண்டு நின்றன. எலிவேற்றர் பதின்மூன்று.

"ஐயோ. கொண்ணையோடை நான் படிச்சனான் எல்லோ. பெண்சாதியின்ரை நம்பரைத் தா தங்கச்சி, நான் எடுத்துத் துக்கம் விசாரிக்கிறன். இப்ப அங்கை விடியப்போகுது, எழும்பியிருப்பினம்." போனை நேரலையிலிருந்து மாற்றி, விரலை வைத்துக்கொண்டு நின்றார். "சொல்லு."

ஏஞ்சலா பேனையை வைத்தா. ஒரு பெயர்தான் வேண்டும். இல்லாத ஒரு சித்தப்பா, தூரத்து மச்சாள், எவராவது. பன்னிரண்டு. பதினொன்று.

அன்ரி பெட்டியை நிலத்தில் வைத்தா.

"ஒருத்தரும் சாகேல்லை அண்ணை."

"என்ன?"

"என்ரை அண்ணன் உயிரோடை இருக்கிறார். இண்டைக்குப் பாத்து அவரை என்ரை வாயாலை சாக்காட்ட ஏலாது." குரல் உயரவில்லை. "அது உப்பில்லா விரதமும் இல்லை. எனக்கு மணம் தெரியேல்லை. உப்புப் போட்டனோ எண்டும் தெரியேல்லை. நீங்கள் ஒவ்வொரு நாளும் என்ரை வாசலிலை நிண்டு கதைச்சனீங்கள். உந்தக் கதிரையிலை போய் இருங்கோ. மற்றவைக்கும் சொல்லுங்கோ."

மகேஸ்வரன் அங்கிள் தாடையிலிருந்த மாஸ்க்கை மூக்குக்கு ஏற்றினார். அவர் அதைச் சரியாகப் போட்டதை அன்றைக்குத்தான் கண்டேன். ஒரு அடி பின்னுக்கு வைத்தார், இன்னொன்று, பிறகு இன்னொன்று. முதுகு எங்கள் மேசையில் முட்டியது. ஏஞ்சலா கதிரையை இழுத்து விட்டா.

"இருங்கோ அங்கிள்."

இருந்தார். நான் போமை எடுத்து, எந்தச் சமூகம் என்ற கேள்விக்கு வந்தேன்.

"எந்தப் பெட்டியிலையெண்டாலும் போடடா," என்றார்.

எலிவேற்றர் திறந்தபோது அன்ரி பெட்டியை விட்டுவிட்டுத் தனிய ஏறினா. உள்ளே நின்ற ஒரு பிள்ளை இறங்கி வந்தது.

அடுத்த நாள் விடிய, பாறணை நேரத்துக்கு, லொபியில் வரிசை வாசலைத் தாண்டிக் கார்த் தரிப்பிடம் வரைக்கும் நின்றது. ஆளுக்காள் இடைவெளி விட்டு, பட்டினியோடு. குச்சிகள் முடிந்து ஏஞ்சலா இன்னும் கொண்டுவரச் சொல்லிப் போன் எடுத்தா. அவ்வளவு தமிழரை அந்த மேசை அதற்கு முதலும் காணவில்லை, பிறகும் காணவில்லை. வரிசையில் எவரும் அன்ரிக்கு நல்ல வார்த்தை சொல்லவில்லை. "காசையும் வாங்கிக்கொண்டு வருத்தத்தையும் தந்திட்டா" என்று அம்மாவுக்குப் பின்னால் நின்ற மனிசி சொன்னா. அம்மா திரும்பிப் பார்க்கவில்லை.

அன்ரிக்கு வருத்தம் இருந்தது. வரிசையில் சிலருக்கும் இருந்தது, அம்மாவுக்கும். அந்த இரண்டு கிழமையும் நான் அம்மாவின் அறை வாசலில் நிலத்தில் படுத்து, மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நேரத்தோடு பிடிபட்டதால்தான் ஆஸ்பத்திரி போனிலேயே சுகரையும் சேர்த்துக் கவனித்தது, அவ எழும்பினா. மகேஸ்வரன் அங்கிளுக்கு ஒன்றுமில்லை. அதை அவரே மாடி மாடியாகச் சொன்னார். அன்ரியின் வாசலால் வந்ததா, எலிவேற்றரால் வந்ததா, வேலைகளிலிருந்து வந்ததா என்று சொல்ல வழியில்லை என்றா ஏஞ்சலா. கட்டடத்துக்கு அந்தச் சந்தேகம் இருக்கவில்லை.

தை மாதம் அன்ரி ஸ்ரூலைத் திரும்ப வெளியே வைத்தா. அம்மா என்னை அனுப்பினா. என் பார்சலைத் தவிர மற்றதெல்லாம் பின்னேரமும் அப்படியே இருந்தது. ஒரு கிழமை வைத்துப் பார்த்தா. பிறகு ஸ்ரூல் உள்ளே போனது. அவ பயந்தது அப்படியே நடந்தது. அதில் ஒரு சொல்லும் கூடவுமில்லை, குறையவுமில்லை. ஏஜென்சியும் தியாகலிங்கம் அங்கிளைக் கூப்பிடுவதை விட்டுவிட்டது. கோடையில் மல்வேர்னில் ஒரு வீட்டின் நிலக்கீழ் பேஸ்மென்றுக்குப் போனார்கள். அன்ரி இப்போது முதியோர் இல்லமொன்றின் குசினியில் வேலை செய்கிறா, விடிய முதல் பஸ்.

ஏஞ்சலாவின் ஆய்வு வெளிவந்தபோது எனக்கு ஒரு பிரதி அனுப்பினா. அதில் அன்ரியின் பெயர் இல்லை, இருக்கவும் கூடாது. மேசை எலிவேற்றரைப் பார்த்தபடி இருந்ததால் வருகிறவர்கள் அயலவர் கண்ணில் பட்டார்கள் என்று ஒரு வரி இருந்தது. அதற்குப் பிறகு அவர்கள் போன கட்டடங்களில் லோண்டரிக்குப் பக்கத்தில் ஒரு அறை கேட்டு எடுத்தார்களாம்.

போன கந்தசஷ்டிக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு மல்வேர்னுக்குப் போனேன். அன்ரி அங்கே தெரிந்த சில வீடுகளுக்கு மட்டும் விரதச் சாப்பாடு கொடுக்கிறா. மூக்குப் பாதிதான் திரும்பி வந்ததாம். கடுகு தெரியும், கறிவேப்பிலை தெரியாது. பால் எரிந்தால் வேறென்னவோ மணக்குமாம். ஆனாலும் படைக்க முதல் வாயில் வைத்துப் பார்ப்பதில்லை. அதை மாற்ற அவ தயாரில்லை.

அதற்காக ஒரு வேலை செய்கிறா. ஒவ்வொரு பார்சலுக்கு மேலும் ஈயத்தாளில் சுருட்டிய ஒரு சிட்டிகை உப்பு இருக்கும். வாங்குகிறவர் படியில் ஏற முதல் பேர் சொல்லிக் கூப்பிட்டு நிறுத்துவா.

"எனக்கு மணம் முழுக்கத் தெரியாது. உப்புக் காணாட்டிப் போடுங்கோ."

இதைச் சொல்லாமல் ஒரு பார்சலும் அந்தக் கதவைத் தாண்டாது.